பராமரிப்பு விதியை மீறும் வீடுகள்: எங்கிருந்து பிடிப்பது?

மூலைவீடு (இழையைத் தொடங்கியவர்)

எல்லோருக்கும் வணக்கம். போன மாதம் எங்கள் குடியிருப்புச் சங்கத்தின் செயலாளர் பொறுப்பு என் தலையில் விழுந்தது. தேர்தல் எல்லாம் நடக்கவில்லை. கூட்டம் முடிந்ததும் நழுவப் பார்த்தவர்களில் நான்தான் கதவருகே மாட்டிக்கொண்டேன்.

மொத்தம் 96 தனி வீடுகள். வீடு வாங்கும்போதே எல்லோரும் கையெழுத்துப் போட்ட விதித்தொகுப்பு ஒன்று இருக்கிறது. முகப்புச் சுவரில் பெயின்ட் உரிந்தால் அடிக்க வேண்டும், முன்புறப் புல்லை வெட்டி வைக்க வேண்டும், உடைந்த வேலியைச் சரிசெய்ய வேண்டும், தெருவைப் பார்த்து ஓட்டை உடைசலைக் குவிக்கக் கூடாது. 12 ஆண்டுகளாக விதி ஏட்டில் இருக்கிறது. இதுவரை ஒரு நோட்டீஸ்கூடப் போனதில்லை.

இப்போது 41ஆம் எண் வீடு பெரிய தலைவலி. பக்கச்சுவர் செதில் செதிலாக உரிகிறது, முன்னால் புதர் மண்டிக் கிடக்கிறது. பக்கத்து வீட்டுக்காரர் தன் வீட்டை விற்கப் பார்க்கிறார். வாங்க வருகிறவர்கள் காரை விட்டு இறங்கும் முன்பே முகம் மாறிவிடுகிறதாம். வாட்ஸ்அப் குழுவில் தினமும் அந்த வீட்டின் படம் வருகிறது. நாளுக்கு இவ்வளவு என்று ஏறிக்கொண்டே போகிற மாதிரி அபராதம் போட்டுவிடலாம் என்று குழுவில் பேச்சு. இதைச் செய்து பார்த்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

தூரிகை

போடுங்கள் சார். பணம் போனால்தான் பெயின்ட் வரும்.

பழைய செயலர்

மூலைவீடு சார், கொஞ்சம் பொறுங்கள். ஆறு ஆண்டுகள் இந்த நாற்காலியில் உட்கார்ந்தவன் என்ற முறையில் சொல்கிறேன். நீங்கள் எழுதியதில் முக்கியமானது 41ஆம் எண் வீடு இல்லை. "12 ஆண்டுகளில் ஒரு நோட்டீஸ்கூடப் போனதில்லை" என்ற வரிதான்.

எங்களிடம் இதே கதை நடந்தது. ஒருவருடைய வேலி சாய்ந்து கிடந்தது. சண்டைக்காரர், யாருக்கும் பிடிக்காது. சூட்டோடு சூடாக நோட்டீஸ் அனுப்பினோம். அவர் பதிலே எழுதவில்லை. ஒரு சனிக்கிழமை காலை கேமராவை எடுத்துக்கொண்டு தெருத்தெருவாக நடந்தார். திங்கட்கிழமை எங்கள் கைக்கு ஒரு கோப்பு வந்தது. சாய்ந்த வேலி, உடைந்த வேலி, வேலியே இல்லாத வீடு என்று 23 படங்கள். ஒன்பதாவது படம் எங்கள் தலைவர் வீடு. கூடவே ஒரே ஒரு கேள்வி: "எனக்கு மட்டும் ஏன்?"

நான்கு நாளில் நோட்டீஸைத் திரும்பப் பெற்றோம். அதற்குப் பிறகு இரண்டு ஆண்டுகள் எங்கள் பேச்சை யாரும் மதிக்கவில்லை.

வழக்கு என்று போனால் வீட்டுக்காரர் தரப்பு முதலில் எடுக்கும் ஆயுதமும் இதுதான். பல நாட்டு நீதிமன்றங்களில் இது எடுபடவும் செய்கிறது. நீண்ட காலம் கண்டும் காணாமல் விட்ட விதியை ஒருவர் மேல் மட்டும் திடீரென்று பாய்ச்சினால், விதியைச் சங்கமே கைவிட்டுவிட்டது என்பார்கள், அல்லது ஆள் பார்த்து அடிக்கிறீர்கள் என்பார்கள். இரண்டில் எதைச் சொன்னாலும் உங்களிடம் பதில் இருக்காது.

மூலைவீடு

அப்படியானால் விதி செத்துப்போனதாகவே எடுத்துக்கொள்ள வேண்டியதுதானா?

பழைய செயலர்

இல்லை, உயிர் கொடுக்கலாம். ஆனால் எல்லோருக்கும் ஒரே நாளில் கொடுக்க வேண்டும். நாங்கள் கடைசியில் செய்தது இது. பொதுக்குழுவைக் கூட்டினோம். "இதுவரை சங்கம் இந்த விதிகளைச் செயல்படுத்தவில்லை, தவறு எங்களுடையது" என்று தீர்மானத்திலேயே எழுதினோம். பழைய மீறல் எதற்கும் அபராதம் கிடையாது, இன்ன தேதியிலிருந்து எல்லா வீட்டுக்கும் ஒரே அளவுகோல் என்று எழுத்தில் ஒவ்வொரு உரிமையாளருக்கும் அனுப்பினோம். சரிசெய்ய ஆறு மாதம் அவகாசம். குழு உறுப்பினர்களின் வீடுகளை முதலில் பார்த்தோம். தலைவர் தன் வேலியை அந்த வாரமே மாற்றினார், பாவம்.

"முதலில் நாம்" என்ற அந்த ஒன்றுதான் வேலை செய்தது. மற்றதெல்லாம் காகிதம்.

கேள்விக்குறி

இந்தப் பேச்சை எல்லாம் வாங்கிக் கட்டிக்கொண்ட பக்கத்திலிருந்து எழுதுகிறேன்.

எனக்கு ஒருமுறை நோட்டீஸ் வந்தது. முன்புறத் தோட்டம் "கவனிப்பாரற்றுக் கிடக்கிறது" என்று. உண்மைதான், கிடந்தது. அந்த இரண்டு மாதமும் என் அம்மா மருத்துவமனையில் இருந்தார். நான் வீட்டுக்கு வந்ததே துணி மாற்றத்தான். கடிதத்தில் விதி எண் இருந்தது, உட்பிரிவு இருந்தது, கெடு தேதி இருந்தது. கையெழுத்துப் போட்டவர் எனக்கு மூன்று வீடு தள்ளி இருப்பவர். ஒருமுறை வந்து கதவைத் தட்டியிருந்தால் போதும்.

அடுத்த வார இறுதியில் காசு கொடுத்து ஆள் வைத்துத் தோட்டத்தைச் சுத்தம் செய்தேன். விதி வென்றது. அன்றிலிருந்து அந்த மனிதரோடு நான் பேசுவதில்லை. ஐந்து வருடம் ஆகிறது.

அதனால் என் கேள்வி: 41ஆம் எண் வீட்டுக் கதவை யாராவது தட்டினீர்களா?

தூரிகை

மேடம் சொல்வது புரிகிறது. ஆனால் எல்லோர் வீட்டிலும் ஒரு காரணம் இருக்கும். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தால் தெரு முழுக்கப் புதர்தான்.

கேள்விக்குறி

காரணம் கேட்பது விட்டுக்கொடுப்பது இல்லையே. எத்தனை நாள் அவகாசம் கொடுப்பது என்று முடிவு செய்யவாவது காரணம் தெரிய வேண்டாமா?

பத்திரப்புழு

நடுவில் ஒரு பழங்கதை. இந்த விவாதம் எங்கே தொடங்கியது என்று பார்த்தால் சுவையாக இருக்கும்.

லண்டன் லெஸ்டர் சதுக்கத்தின் நடுவில் உள்ள தோட்டத்தை 1808இல் டல்க் என்பவர் விற்றார். தோட்டத்தையும் சுற்றிலும் உள்ள இரும்புக் கிராதியையும் நல்ல நிலையில் பராமரிக்க வேண்டும், கட்டடம் எதுவும் எழுப்பாமல் திறந்த வெளியாக வைக்க வேண்டும் என்பது பத்திர நிபந்தனை. கை மாறிக் கை மாறி அந்த இடம் மாக்ஸே என்பவரிடம் வந்தது. "அந்த ஒப்பந்தத்தில் நான் கையெழுத்துப் போடவில்லையே" என்று அவர் கட்டடம் கட்டப் பார்த்தார். 1848இல் நீதிமன்றம் தடுத்தது. நிபந்தனை இருப்பது தெரிந்தே வாங்கியவன் அதற்குக் கட்டுப்பட்டவன்தான் என்று தீர்ப்பு. ஆங்கிலேயச் சட்ட மரபைப் பின்பற்றும் நாடுகளில், அண்டை நிலத்தின் நலனுக்காக நிலத்தோடு ஒட்டிக்கொண்டு வரும் நிபந்தனைகளுக்கு இதுதான் வேர்.

வேடிக்கை அதற்குப் பிறகுதான். கட்டடத்துக்கு எதிராகத் தீர்ப்பு வாங்க முடிந்தது. தோட்டத்தைப் பராமரிக்க வைக்க முடியவில்லை. பத்துப் பதினைந்து ஆண்டுகளில் அது குப்பைமேடாகிவிட்டது. நடுவில் இருந்த அரசர் சிலையின் குதிரைக்கு யாரோ புள்ளிப் புள்ளியாகப் பெயின்ட் அடித்துவிட்டுப் போனார்கள். 1874இல் ஆல்பர்ட் கிராண்ட் என்ற செல்வந்தர் அந்த இடத்தை வாங்கி, சீர்செய்து ஊருக்குக் கொடுத்த பிறகுதான் விடிந்தது.

"இதைச் செய்யாதே" என்ற விதியைக் காப்பது சுலபம். "இதைச் செய்" என்பதைச் செய்ய வைப்பதுதான் கஷ்டம். பராமரிப்பு விதி எல்லாமே இரண்டாவது வகை. இங்கிலாந்தில் சட்டமே அப்படித்தான் நிற்கிறது. 1994இல் ஒரு கூரைப் பழுது வழக்கு, அப்போது அங்கே உச்ச நீதிமன்றமாக இருந்த பிரபுக்கள் சபை வரை போனது. கூரையை ஒழுகாமல் பார்த்துக்கொள்வதாகப் பழைய உரிமையாளர் எழுதிக் கொடுத்திருந்தார். ஆனால் செலவு செய்து ஒன்றைச் செய்ய வேண்டும் என்ற அந்தக் கடமை, வீட்டைப் பிறகு வாங்கியவரைக் கட்டுப்படுத்தாது என்று தீர்ப்பானது. அமெரிக்காவில் வேறு பாதை. 1938இல் நியூயார்க் நீதிமன்றம், பொது இடப் பராமரிப்புக்காக மனைக்கு ஆண்டுக்கு 4 டாலர் வரை வசூலிக்கும் நிபந்தனை அடுத்தடுத்து வாங்குபவர்களையும் கட்டுப்படுத்தும் என்றது. இன்றைய சங்கங்கள் கட்டணம் வசூலிப்பதற்குப் பெரிய அடித்தளம் அதுதான்.

ஆகவே மூலைவீடு, முதலில் உங்கள் ஊர்ச் சட்டமும் உங்கள் பத்திரமும் சங்கத்துக்கு என்ன அதிகாரம் தருகின்றன என்று படியுங்கள். அபராதம் போடும் அதிகாரமே இல்லாமல் அபராதம் போடும் சங்கங்கள் நிறைய.

மூலைவீடு

படித்தேன். அபராதம் விதிக்கலாம் என்று ஒரு வரி இருக்கிறது. எவ்வளவு, யார் விதிப்பது, எப்படி விதிப்பது என்று எதுவும் இல்லை.

பத்திரப்புழு

அந்த ஓட்டையை அடைக்காமல் நகராதீர்கள். இந்த விஷயத்தில் அதிகம் அடிபட்டது அமெரிக்கா என்பதால் அங்கே இருக்கும் ஏற்பாடுகளைப் பார்ப்பது உதவும்.

வர்ஜீனியாவில் ஒரு தடவை மீறலுக்கு 50 டாலருக்கு மேல் போட முடியாது. தொடரும் மீறல் என்றால் நாளுக்கு 10 டாலர், அதுவும் 90 நாளோடு நின்றுவிடும். "ஏறிக்கொண்டே போகிற மாதிரி" என்று எழுதினீர்களே, அதற்குத்தான் இந்தக் கடிவாளம். டெக்சாஸில் வெறும் அபராத பாக்கிக்காகச் சங்கம் வீட்டை ஏலத்துக்குக் கொண்டுபோக முடியாது.

எனக்குப் பிடித்தது ஃபுளோரிடாவின் ஏற்பாடு. நிர்வாகக் குழு அபராதம் போட நினைத்தால் 14 நாள் முன்னதாக எழுத்தில் சொல்ல வேண்டும். பிறகு குறைந்தது மூன்று வீட்டுக்காரர்கள் கொண்ட தனிக்குழு விசாரிக்கும். அதில் நிர்வாகிகள் இருக்கக் கூடாது, அவர்களுடைய கணவன், மனைவி, பெற்றோர், பிள்ளை, உடன்பிறந்தோரும் இருக்கக் கூடாது. அந்தத் தனிக்குழுவில் பெரும்பான்மை ஒப்பவில்லை என்றால் அபராதம் அத்தோடு போயிற்று. குற்றம் சாட்டுகிறவரே தீர்ப்பும் எழுதினால் சொந்தப் பகைதான் தீரும், சுவர் அப்படியே இருக்கும்.

வெளியூர்க்காரன்

இன்னொரு பிரச்சினை. நான் வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு வேறு ஊரில் இருக்கிறேன். என் வீட்டு வாசலில் மூன்று நோட்டீஸ் ஒட்டியிருக்கிறார்கள். குடியிருப்பவர் அவை தனக்கில்லை என்று கிழித்துப் போட்டுவிட்டார். எனக்குத் தெரிந்தது நான்காவது மாதம், அபராதத்தைப் பராமரிப்புக் கட்டண ரசீதில் பார்த்தபோது. சங்கத்திடம் என் மின்னஞ்சல் முகவரி இருந்தது. கட்டணம் கேட்டு மாதா மாதம் அதற்குத்தானே எழுதுகிறார்கள்!

பழைய செயலர்

ஹா ஹா. வசூல் பட்டியல் பொருளாளரிடம் இருக்கும், நோட்டீஸ் பட்டியல் காவலாளியிடம் இருக்கும். எங்கும் இதே கதைதான் போல.

கேள்விக்குறி

விதி சரியானதுதானா என்று யாரும் கேட்கவில்லையே. எல்லோரும் அதை எப்படிச் செயல்படுத்துவது என்றே பேசுகிறீர்கள்.

பத்திரப்புழு

நல்ல கேள்வி. பராமரிப்பு விதி என்ற பெயரில் வருவதெல்லாம் பராமரிப்பு இல்லை. இரண்டாம் உலகப் போருக்குப் பின் நியூயார்க் அருகே லெவிட்டவுன் என்ற பெரிய குடியிருப்பு எழுந்தபோது, ஏப்ரல் நடுவிலிருந்து நவம்பர் நடுவரை வாரம் ஒருமுறை புல் வெட்ட வேண்டும் என்று நிபந்தனை. அதே ஒப்பந்தத் தாள்களில் வெள்ளையர் அல்லாதவர் அங்கே குடியிருக்கக் கூடாது என்றும் இருந்தது. இப்படிப்பட்ட இன நிபந்தனைகளை எந்த நீதிமன்றமும் செயல்படுத்தக் கூடாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1948இல் சொன்னது. "தெருவின் தரம்" என்ற சொல் எதையெல்லாம் ஒளித்து வைக்கும் என்பதற்கு அது ஒரு பாடம்.

இன்னொரு பக்கம் தண்ணீர். கலிஃபோர்னியாவில் 2014 வறட்சியின்போது தண்ணீரை வீணாக்கினால் நாளுக்கு 500 டாலர் வரை அபராதம் என்று மாநிலம் ஒரு பக்கம் அறிவித்தது. புல் காய்ந்தால் அபராதம் என்று சங்கங்கள் மறுபக்கம் மிரட்டின. வறட்சி அவசரநிலை இருக்கும்போது தண்ணீர் ஊற்றாததற்குச் சங்கம் அபராதம் போடக் கூடாது என்று அந்த ஆண்டே சட்டம் கொண்டுவர வேண்டியதாயிற்று. மேரிலாந்தில் ஒரு தம்பதி புல்வெளிக்குப் பதிலாகத் தேனீக்களுக்கும் வண்ணத்துப்பூச்சிகளுக்கும் ஏற்ற மண்ணின் செடிகளை வளர்த்தார்கள். சங்கம் வழக்கறிஞர் கடிதம் அனுப்பியது. விவகாரம் வளர்ந்து, 2021இல் மாநிலச் சட்டமே அப்படிப்பட்ட தோட்டங்களைச் சங்கங்கள் அநியாயமாகத் தடுக்கக் கூடாது என்று வந்துவிட்டது.

ஒருவர் கண்ணுக்குப் புதர், இன்னொருவர் கண்ணுக்குத் தோட்டம். "அழகாக இருக்க வேண்டும்" என்று எழுதிய விதி சண்டைக்கு விதை. "நடைபாதையை மறிக்கக் கூடாது, காய்ந்த குப்பை நெருப்புக்கு இரையாகும்படி கிடக்கக் கூடாது" என்று எழுதினால் அளந்து பார்க்கலாம்.

தூரிகை

சரி, இப்போது நான் என் தொழிலிலிருந்து ஒன்று சொல்கிறேன். முதலில் அவசரப்பட்டு எழுதிவிட்டேன். பெயின்ட் காண்டிராக்ட் எடுத்து இருபது வருடம் ஆகிறது.

மூலைவீடு சார், பக்கச்சுவர் "செதில் செதிலாக" உரிகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். முகப்பு எப்படி இருக்கிறது? முகப்பு நன்றாக இருந்து ஒரு பக்கம் மட்டும் உரிந்தால் அது கவனக்குறைவு இல்லை, ஈரம். எந்த உயரத்தில் உரிகிறது என்று பாருங்கள். மேலிருந்து இறங்கினால் கைப்பிடிச் சுவரிலோ கூரைத் தண்ணீர்க் குழாயிலோ கசிவு. தரையிலிருந்து முழங்கால், இடுப்பு உயரம் வரை என்றால் மண்ணிலிருந்து ஏறும் ஈரம், அல்லது எங்கிருந்தோ தண்ணீர் தெறிக்கிறது. வெள்ளையாகப் பொடி பூத்திருந்தால் சந்தேகமே வேண்டாம். சுவருக்குள்ளிருந்து தண்ணீர் வெளியேறும்போது விட்டுப்போகும் உப்பு அது.

அப்படிப்பட்ட சுவரில் அபராதத்துக்குப் பயந்து ஒருவர் பெயின்ட் அடித்தால் அடுத்த மழைக்காலத்தைத் தாண்டாது. நீங்களும் அடுத்த நோட்டீஸ் அனுப்புவீர்கள். தண்ணீரை நிறுத்தி, சுவரைக் காய விட்டு, பூச்சைத் தட்டிப் பார்த்து, அப்புறம்தான் பிரைமர். காயவே சில மாதம் ஆகும். 30 நாள் கெடு என்று கடிதத்தில் எழுதுகிறவர்கள் ஒரு சுவரையாவது தொட்டுப் பார்த்திருக்க மாட்டார்கள்.

மூலைவீடு

தூரிகை சார், இதைப் படித்துவிட்டு நேரே போய்ப் பார்த்தேன். கேள்விக்குறி அவர்கள் சொன்னபடி கதவையும் தட்டினேன்.

முகப்பு நன்றாகவே இருக்கிறது. உரிவது கிழக்குப் பக்கச் சுவர், தரையிலிருந்து என் இடுப்பு உயரம் வரை. வெள்ளைப் பொடியும் இருக்கிறது. அந்தச் சுவருக்கு வெளியே மூன்றடியில் சங்கத்தின் பூங்கா. அங்கே புல்லுக்குத் தண்ணீர் தெளிக்கும் ஸ்பிரிங்ளர் ஒன்று முகம் திரும்பி நேரே சுவரைப் பார்த்து நிற்கிறது. காலையும் மாலையும் அந்தச் சுவருக்கு நாங்கள்தான் குளியல் போடுகிறோம்.

வீட்டுக்காரர் ஒரு கோப்பை எடுத்துக் காட்டினார். இரண்டு வருடத்துக்கு முன் சங்கத்துக்கு அவர் எழுதிய கடிதம், மூன்று நினைவூட்டல். பதில் எதுவும் போகவில்லை. புதரைப் பற்றிக் கேட்டேன். அது அவர் தவறுதான் என்று ஒப்புக்கொண்டார். ஆனால், "என் சுவரை நீங்கள் கவனிக்கும் வரை உங்கள் தெருவை நான் கவனிக்கப் போவதில்லை என்று இருந்தேன்" என்றார்.

எனக்கு என்ன சொல்வது என்று தெரியவில்லை. தண்ணீர் கொடுத்தார், குடித்துவிட்டு வந்தேன்.

தூரிகை

அபராதம் போடச் சொன்னவன் நான். வாபஸ்.

பழைய செயலர்

அந்தக் கோப்போடு அவர் விசாரணைக்கு வந்திருந்தால் உங்கள் கதி என்ன ஆகியிருக்கும்! தப்பித்தீர்கள். வாட்ஸ்அப்பில் படம் போடுவதை இன்றே நிறுத்தச் சொல்லுங்கள். எங்கள் குழுவில் ஒருமுறை அப்படிப் படம் போட்டதில், பெயின்ட் பிரச்சினை மான நஷ்டப் பிரச்சினையாக மாறியது. புகார் தனியாக, எழுத்தில், தேதியோடு வரட்டும்.

வரிசைவீடு

இழையை இப்போதுதான் பார்க்கிறேன். ஒரு கேள்வி. விதியில் "வீட்டுக்காரர் செய்யாவிட்டால் சங்கமே ஆள் வைத்துச் செய்து செலவை வசூலிக்கலாம்" என்று இருந்தால்? எங்களுடையதில் இருக்கிறது. நேரே புகுந்து வெட்டிவிட்டால் வேலை முடிந்ததே?

பத்திரப்புழு

இருந்தாலும் கடைசிப் படியாக வைத்துக்கொள்ளுங்கள். அனுமதி இல்லாமல் அடுத்தவர் மனைக்குள் ஆள் நுழைவது எங்கும் அத்துமீறல் வழக்குக்கு வாசல். பத்திரம் அந்த உரிமையைத் தெளிவாகக் கொடுத்திருக்க வேண்டும், முன்னறிவிப்பு போயிருக்க வேண்டும், என்ன வேலை, என்ன செலவு என்று முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டும். மரம் சாய்ந்து தெருவில் விழப்போகிறது, கழிவுநீர் பெருகுகிறது என்ற மாதிரி ஆபத்துக்குச் சரி. புல்லுக்காகப் போகாதீர்கள். வெட்டியது களை இல்லை, அரிய செடி என்று ஒருவர் ரசீதோடு வந்து நிற்பார்.

மூலைவீடு (ஏழு வாரம் கழித்து)

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன், பலர் தனிமடலில் கேட்டீர்கள்.

ஸ்பிரிங்ளரைத் திருப்பினோம். ஆக மொத்தம் ஐந்து நிமிட வேலை. சுவர் காய்ந்த பிறகு சங்கச் செலவில் அந்தப் பக்கம் மட்டும் பூச்சும் பெயின்ட்டும் என்று குழுவில் முடிவானது. இரண்டு பேர் எதிர்த்தார்கள், "தவறான முன்மாதிரி" என்று. அந்த முடிவு எடுத்த அடுத்த சனிக்கிழமை 41ஆம் எண் வீட்டில் புதர் போய்விட்டது. யாரும் கேட்கவில்லை.

பொதுக்குழுவும் நடந்தது. பழைய செயலர் சொன்னபடி "தவறு எங்களுடையது" என்ற வரியை வைத்தேன். அதை நீக்கச் சொல்லி அரை மணி நேரம் வாக்குவாதம், கடைசியில் நின்றது. விசாரணைக்குக் குழுவில் இல்லாத மூவர், நிர்வாகிகளின் உறவினராக இருக்கக் கூடாது. அபராதத்துக்கு உச்சவரம்பு. நோட்டீஸ் உரிமையாளரின் மின்னஞ்சலுக்கும் வீட்டுக்கும் போகும் (வெளியூர்க்காரன் அவர்களுக்கு நன்றி). நோட்டீஸுக்கு முன் குழுவில் ஒருவர் நேரில் போய்ப் பேசிவிட்டு, பேசிய தேதியைக் குறித்து வைக்க வேண்டும்.

அப்புறம் 96 வீட்டையும் ஒரு சுற்றுப் பார்த்தோம். ஏதாவது ஒரு விதியில் தவறிய வீடுகள் 31. அதில் நான்கு குழு உறுப்பினர்களுடையவை. ஒன்று என்னுடையது. பின்வேலியில் இரண்டு பலகை இல்லை. மூன்று வருடமாக நான் அதைப் பார்க்கவே இல்லை.

இப்போது தச்சர் வரக் காத்திருக்கிறேன். இரண்டு முறை வருகிறேன் என்று சொல்லி வரவில்லை. அவகாசம் கேட்டு எனக்கே நான் கடிதம் எழுத வேண்டுமா, தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கேள்விக்குறி

எழுதுங்கள் சார். பதிவேட்டில் ஏறட்டும்.

தூரிகை

வேலிக்கு அடிப்பகுதியில் ஈரம் பார்த்துக்கொள்ளுங்கள்.